அழுகிறவர்களின் சுவர்

விளக்கை அணைத்ததும் தூரம் காணாமல் போய்விடும். எதிர்ச்சுவர் எங்கே, கூரை எங்கே, நீட்டிய என் கை எங்கே, எல்லாம் ஒரே கறுப்பு. அதுவரை கவனத்துக்கு வராத களிமண் வாசனை அப்போதுதான் எழும்.

அந்தத் திங்கட்கிழமை அந்தக் கறுப்புக்குள் எனக்கு மூன்று சத்தங்கள் கேட்டன. புற ஊதா விளக்கு சூடேறும் இரைச்சல். எனக்குப் பின்னால் ஒருவர் வேகவேகமாக மூச்சு விடுவது. அப்புறம், நாற்காலிக் கால் மரத்தளத்தில் உரசுவது.

கதவு திறந்தது. வெளி மண்டபத்தின் வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. நான் கேமராவை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். காவலுக்கு உட்கார்ந்திருந்த பிலோமினா அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

மண்டபத்துச் சன்னலோரம் நின்றிருந்தார். நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தியிருந்தார். வெளியே மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது.

“ஒண்டுமில்லை தங்கச்சி. தலைச்சுத்து. காலமை சாப்பிடேல்லை,” என்றார்.

நான் நம்பவில்லை. உண்மையான காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சென்ற வாரக் கட்டுரையை டார்ம்ஸ்டாட் விடுதிச் சமையலறையோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அந்த நினைப்பைப் பற்றியும், அதனால் ஒருவருடைய வேலை போகப் பார்த்ததைப் பற்றியும், பாலைவனத்திலிருந்து வந்த ஒரு சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ரம்பத்தால் அறுத்த குகை

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் நான் முதுகலை மாணவி. பொறியியல் படிப்பு, அதில் படமெடுக்கும் கருவிகள் என் பிரிவு. கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி, பழைய ஓவியங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போனதைப் படமெடுப்பதுதான் என் ஆய்வு. அதற்காக ஒரு குளிர்காலம் முழுவதும் ஹம்பேர்க்கில் அறை எடுத்துத் தங்கினேன். அங்கே ஓர் அருங்காட்சியகத்துக்குள் ஒரு குகை இருந்தது.

சீனாவின் மேற்குக் கோடியில், பெரும்பாலைவனத்தின் வடக்கு ஓரத்தில், ஓர் ஆற்றைப் பார்த்தபடி நீண்ட குன்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் பௌத்தத் துறவிகள் அதைக் குடைந்து நூற்றுக்கணக்கான குகைகள் செய்தார்கள். உதிரும் பாறை, வண்ணம் நேரடியாகப் பிடிக்காது. அதனால் களிமண்ணில் நறுக்கிய வைக்கோலும் விலங்கு மயிரும் சேர்த்துக் குழைத்துச் சுவரில் அப்பினார்கள். அதன்மேல் வெள்ளை. அதன்மேல் ஓவியம்.

நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியிலிருந்து போனவர்கள் அந்தக் களிமண் தோலை ரம்பத்தால் சதுரம் சதுரமாக அறுத்தார்கள். பெட்டிகளில் அடுக்கி, வண்டியிலும் ரயிலிலும் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பெரும்பகுதி பெர்லினுக்குப் போனது. கைமாறிக் கைமாறிச் சில துண்டுகள் ஹம்பேர்க்குக்கு வந்தன.

செய்தது சரியா என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்பார்கள். ரம்பத்தின் தடம் ஒரு முகத்தின் காதை ஒட்டிப் போவதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கேள்வி தீரவே இல்லை. ஆனால் அந்த நீலத்தின் முன்னால் நிற்கும்போது கேள்வி வாய்வரை வந்து நின்றுவிடும். ஆப்கன் மலைகளில் வெட்டிய கல்லை அரைத்துச் செய்த நீலம். மலை தாண்டி, பாலை தாண்டி, கழுதை முதுகில் வந்து, ஓர் இருட்டறையின் கூரையில் பூசப்பட்ட நீலம். சூரியன் எட்டாத இடத்தில் எதற்காக இவ்வளவு நீலம்?

அருங்காட்சியகம் அந்தத் துண்டுகளை வைத்து ஒரு குகையையே திரும்பக் கட்டியிருந்தது. முன்னறை ஒன்று. பின்புறம் நடுவில் பெரிய தூண். தூணின் இடமும் வலமும், குனிந்து நுழையும் அளவுக்கு இரண்டு திறப்புகள். இடப்பக்கம் நுழைந்தால் தூணைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வெளியே வரலாம், நம் கோயில் உட்பிரகாரம் போல.

தூணுக்குப் பின்னால் இருந்த குறுகலான நடையில்தான் அந்தச் சுவர் இருந்தது. புத்தர் கடைசியாகச் சாய்ந்து படுத்திருக்கும் காட்சி அங்கே இருந்திருக்க வேண்டும். வந்து சேர்ந்தது மேல்பட்டை மட்டும்: அவரைச் சுற்றி நின்று அழுகிறவர்களின் தலைகளும் தோள்களும். கீழே, அவர் படுத்திருந்த இடத்தில், அருங்காட்சியகம் பூசிய வெறும் சாம்பல் நிறக் காரை.

அழுகிறவர்கள் இருந்தார்கள். யாருக்காக அழுகிறார்களோ அவர் இல்லை.

முதல் நாள் அதை அளக்கப் போனவள், அளவுநாடாவைக் கையில் பிடித்தபடி அளக்காமலே நின்றேன்.

பாறைமேல் எலுமிச்சைச் சாதம்

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குகை ஓவியம் என்றால் சித்தன்னவாசல், சித்தன்னவாசல் என்றால் பள்ளிக்கூடச் சுற்றுலா. எனக்கு அதில் ஞாபகம் இருப்பவை: உள்ளங்காலைச் சுட்ட பாறை, பொட்டலத்தில் எண்ணெய் கசிந்த எலுமிச்சைச் சாதம், கூரையில் ஒரு தாமரைக் குளம், “பாத்தாச்சுல்ல, இறங்கு இறங்கு” என்ற ஆசிரியையின் குரல். குளத்தில் யாரோ பூப்பறித்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து அவர் முகத்தைத் தேடுவதற்குள் பின்னால் இருந்தவள் தள்ளிவிட்டாள்.

ஹம்பேர்க்கிலிருந்து அம்மாவிடம் இந்தக் குகையைப் பற்றித் தொலைபேசியில் வர்ணித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதுதான் நம்மூரிலேயே இருக்கிறதே, அதற்கு எதற்கு ஜெர்மனி என்றார். அது சமணம், இது பௌத்தம் என்று விளக்கத் தொடங்கினேன். அம்மா சாம்பாரை இறக்கப் போய்விட்டார்.

இடையில் கொஞ்சம் கடல்

புற ஊதா ஒளியில் படமெடுக்க முழு இருட்டு வேண்டும். அருங்காட்சியகத்துக்கு விடுமுறை திங்கட்கிழமை என்பதால் அன்றுதான் எனக்குக் குகை கிடைக்கும். வெளியாள் ஒருவரை ஓவியங்களோடு தனியாக விடக் கூடாது என்பது விதி. காவலர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி அமைந்தவர்தான் பிலோமினா அக்கா.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். நாற்பதை நெருங்கியவர். அகதியாக வந்து, ஹோட்டல் அறைகளைத் துடைத்து, முதியோர் இல்லத்தில் சமைத்து, முழங்கால் கெட்டுப்போனதால் உட்கார்ந்து பார்க்கக்கூடிய வேலை தேடி இங்கே வந்திருந்தார். இன்னும் ப்ரோபட்சைட்டில், அதாவது தகுதிகாண் காலத்தில் இருந்தார். அது அந்தக் குளிர்காலத்தோடு முடிகிறது. அதன்பின் வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது காவலர்களின் தலைவர் கையில். அவர் உயரமான, அதிகம் பேசாத ஜெர்மன்காரர். எந்தக் கதவையும் சத்தமில்லாமல் திறப்பார்.

அக்கா என்னோடு முதலில் பேசியது என் தயிர்சாத டப்பாவைப் பார்த்துவிட்டு.

“நீங்கள் தமிழோ?”

“ஆமாங்க. புதுக்கோட்டை.”

“அப்ப பக்கத்து ஊர்தானே. இடையில கொஞ்சம் கடல் கிடக்கு, அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து நான் தங்கச்சி. நான் வேலை தொடங்குமுன் விளக்கு, வடிகட்டி, கண்ணாடி, முக்காலி என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடுவதற்கும் லிஸ்ட் வைத்திருக்கிறீரோ என்று கேட்டார்.

பேச்சும் சிரிப்புமாக இருந்தவர்தான் விளக்கை அணைத்ததும் எழுந்து போனார்.

என் கணக்கு

அன்று மாலை ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். எழுதாமல் எனக்கு யோசிக்க வராது. அக்கா ஏன் போனார்? ஒன்று: புத்தர். இரண்டு என்று எண்ணைப் போட்டேன். அதற்கு நேரே எழுத எதுவும் தோன்றவில்லை.

இலங்கையில் சமாதானப் பேச்சு முறிந்து மறுபடி சண்டை தொடங்கியிருந்த காலம் அது. தமிழர் இடங்களில், ராணுவ முகாம்களை ஒட்டி, புதிதாகப் புத்தர் சிலைகள் முளைப்பதாக எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் படித்திருந்தேன். அந்தப் பத்திரிகைகளைப் படித்து வளர்ந்த ஒருத்திக்கு ஈழத்தவரின் தலைச்சுற்றல்கூட அரசியலாகத்தான் தெரியும். முன்னறையின் சுவரிலோ வரிசையாக உட்கார்ந்த புத்தர்கள். அக்காவின் நாற்காலிக்கு நேர் எதிரே.

பாவம், எப்படி உட்காருவார் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை முன்னதாகவே போய் நாற்காலியை இடம் மாற்றினேன். புத்தர் ஒருவர்கூடக் கண்ணில் படாத இடம் ஒன்றுதான் இருந்தது. தூணுக்குப் பின்னால், குறுகல் நடையின் உட்கோடியில், கதவுக்கு முதுகு காட்டி. முதுகுக்கு ஒரு மெத்தையும் வைத்தேன்.

“உள்ளுக்கையோ?” என்று கேட்டார் அக்கா.

“அங்கதான் உங்களுக்கு நிம்மதியா இருக்கும்க்கா.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஜெபம் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறார் என்று நானும் திருப்தியானேன்.

அன்று எடுக்க வேண்டியது அழுகிறவர்களின் பட்டை. புற ஊதா ஒளி பழைய வண்ணங்களுக்குக் கெடுதல். அதனால் ஓவியங்களைப் பராமரிக்கும் உல்ரிகே ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார். அந்தப் பட்டைக்கு இரண்டே முறைதான் அனுமதி. அதற்குமேல் கேட்காதே, எனக்குக் கோபம் வரும் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

விளக்கை அணைத்தேன். கேமராவைத் திறந்தேன். பாதியில் தளம் அதிர்ந்து பதிவு கெட்டது. அக்கா இருட்டில் எழுந்து, சுவரைத் தடவித் தடவி ஓடினார். முக்காலியின் காலில் இடித்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே விழுந்தார். அங்கே தலைவரும் உல்ரிகேயும் வந்துகொண்டிருந்தார்கள்.

காவலர் வெளியே, வெளியாள் உள்ளே தனியாக. தலைவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அக்காவை அறைக்கு அழைத்துப்போய் ஐந்து வாக்கியங்கள் பேசினார். இன்னொரு முறை இப்படி நடந்தால் தகுதிகாண் காலத்துக்குப் பிறகு ஒப்பந்தம் இல்லை என்பது கடைசி வாக்கியம்.

உல்ரிகே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அன்பானவர், நடைமுறை தெரிந்தவர். திங்கட்கிழமைகளுக்கு வேறு காவலர் வேண்டும் என்று ஒரு வரி எழுதித் தா, நான் கையெழுத்திடுகிறேன், பிரச்சினை முடிந்தது என்றார்.

பிரச்சினை எனக்குத்தான் முடியும். அந்த ஒரு வரி தலைவர் மேசைக்குப் போனால் அக்காவுக்கு வேலை இல்லை. எழுதாமல் விட்டு, அவர் மறுபடி ஓடினாலும் வேலை இல்லை. அதோடு பட்டைக்கு மிச்சம் இருந்த ஒரே வாய்ப்பும் போய், என் ஆய்வின் முக்கிய அத்தியாயமும் இல்லை.

பெட்டியில் வந்தவர்

மதியம் அக்காவை எஸ்-பான் ரயில் நிலையத்து பேக்கரிக்கு அழைத்துப்போனேன். உட்கார்ந்ததுமே மன்னிப்புக் கேட்டேன். அந்தப் புத்தர்களுக்கு எதிரே உங்களை உட்கார வைத்திருக்கக் கூடாது, எனக்குப் புரிகிறது என்று பக்குவமாக ஆரம்பித்தேன்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

“புத்தரோ? அவர் எனக்கு என்ன செய்தவர்? ஊரில சிலையைக் கொண்டுவந்து வைக்கிறவையோட எனக்குக் கோவம் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இவர் பாவம். எங்களை மாதிரி ஊரை விட்டுப் பெட்டியில வந்தவர்.”

“பின்ன என்னக்கா?”

சிரிப்பு நின்றது. சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து நாலாக மடித்தார்.

“இருட்டு. கதவு சாத்தின இருட்டு. அந்த மண் மணம்.”

பிறகு மெதுவாகச் சொன்னார். வீட்டு வளவில் அவர்கள் வெட்டியிருந்த பங்கர் என்னும் பதுங்குகுழி. மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. விமானச் சத்தம் கேட்டதும் எல்லோரும் இறங்க வேண்டும். வீட்டில் இவர் மூத்த பெண். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்பி, எல்லோரும் வந்தாயிற்று என்று பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்குவது இவர் பொறுப்பு. அப்பா கொடுத்த பொறுப்பு.

“ஒருநாள் நான் முன்னுக்கு இறங்கிட்டன்,” என்றார். “தம்பி வெளியால நிண்டவன்.”

தம்பியைப் பற்றி அதற்குமேல் சொல்லவில்லை. தண்டவாளத்தில் ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப் போயிற்று.

“நீர் கதிரையைக் கொண்டுபோய் எங்கை வைச்சனீர்? வாசலுக்கு முதுகு காட்டி. ஆர் வந்தது, ஆர் வரேல்லை எண்டு தெரியாமல் என்னால உள்ளுக்க இருக்க ஏலாது, தங்கச்சி.”

அந்தப் பட்டையை விட்டுவிடுகிறேன், மற்றத் துண்டுகளை வைத்து ஒப்பேற்றிக்கொள்கிறேன் என்றேன்.

“விசர்க்கதை கதையாதையும். உமக்குப் படம் வேணும், எனக்கு வேலை வேணும். கதிரையை நான் வைக்கிறன்.”

இரண்டு வாசல்

வார நடுவில், குகையில் எல்லா விளக்குகளும் எரியும் நேரத்தில், அக்கா என்னையும் உல்ரிகேயையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். தூணைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இடத் திறப்பில் குனிந்து நுழைந்து, வலத் திறப்பில் வந்து நின்றார். மறுபடி நுழைந்தார். சுவரைத் தொடாமல், விரலை ஒரு சாண் தள்ளி வைத்தபடி போனார்.

“ரெண்டு வாசல்,” என்றார் என்னிடம். “ஒண்டு அடைபட்டாலும் மற்றதால வரலாம். பங்கர் வெட்டினா இப்பிடித்தான் வெட்ட வேணும். கெட்டிக்காரர்.”

துறவிகள் அதைச் சுற்றி வந்து வணங்குவதற்காகக் குடைந்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

உல்ரிகேக்கு நாங்கள் பேசியது புரியவில்லை, ஆனால் பங்கர் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. ஜெர்மனிலும் அதே சொல்தான். இந்தத் துண்டுகளும் ஒரு பங்கரில் இருந்தவைதான் என்றார்.

எனக்கே அது புதிது. இரண்டாம் உலகப்போரில் இந்த ஊரின்மேல் குண்டு விழத் தொடங்கியபோது, ஊழியர்கள் இந்தப் பெட்டிகளைக் கையால் தூக்கிப்போய் நிலத்தடியில் வைத்தார்களாம். பெர்லினில் மிகப் பெரிய ஓவியங்களைச் சுவரோடு சுவராகப் பதித்திருந்தார்கள். அவற்றைப் பெயர்க்க முடியவில்லை. அவை அங்கேயே அழிந்தன. தூக்கும் அளவுக்குச் சிறிதாக அறுக்கப்பட்டவை தப்பின.

நான் ரம்பத் தடங்களைப் பார்த்தேன். அவற்றை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா ஜெர்மனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கடைசிப் பெட்டியைத் தூக்கி வந்தது யார்? உல்ரிகே யோசித்தார். அது எங்கேயும் எழுதப்படவில்லை என்றார். அக்கா தலையசைத்தார், எதிர்பார்த்த பதில்தான் என்பதுபோல.

நாற்காலிக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் நடை திரும்பும் மூலை. அங்கிருந்து ஒரு பக்கம் இடத் திறப்பும் அதன் வழியாகக் கதவும் தெரியும். மறுபக்கம் அழுகிறவர்களின் சுவர். இருட்டில் எதுவும் தெரியாதே என்றேன். எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் போதும் என்றார். இன்னொரு நிபந்தனையும் வைத்தார். இடைக்கிடை அவர் குரல் கொடுப்பார், நான் பதில் சொல்ல வேண்டும்.

நடந்தால் தளம் அதிரும், பேசினால் அதிராது. ஒத்துக்கொண்டேன். உல்ரிகே கேட்ட ஒரு வரியை எழுதிக் கொடுக்கவில்லை.

அரக்கு

திங்கட்கிழமை. பாதுகாப்புக் கண்ணாடியை இருவரும் மாட்டிக்கொண்டோம். தலைவர் அன்று எப்போதாவது வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கதவைச் சாத்தினேன். விளக்கை அணைத்தேன்.

அக்காவின் மூச்சுச் சத்தம் வேகமாகியது.

“இருக்கிறீரோ?”

“இருக்கேன்க்கா.”

கொஞ்சநேரம். “இருக்கிறீரோ?”

“இருக்கேன்.”

புற ஊதா விளக்கைப் போட்டேன். முதலில் ஒளிர்ந்தது அக்காவின் சீருடைச் சட்டைக் காலர். கழுத்தில்லாத ஒரு காலர் மட்டும் மூலையில் மிதந்தது. அப்புறம் சுவர். முன்னொரு காலத்தில் பாதுகாப்புக்காகப் பூசிய பசை, பால் கொட்டியதுபோல வெளிர்நீலமாக எழுந்தது. ரம்பத் தடங்களை அடைத்திருந்த கலவை வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்தது. ஓவியம் எங்கே வெட்டுண்டது, எங்கே உடைந்தது, எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்பதெல்லாம் ஒரு வரைபடம்போல விரிந்தது.

அதற்குள்ளிருந்து, கண் பழகப் பழக, ஆரஞ்சு நிறத்தில் கோடுகள் வந்தன.

அரக்கு. தபால் பொதிகளில் உருக்கி முத்திரை குத்துவோமே, அதே அரக்கிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம். நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைப் பூச்சி கொடுப்பது. அது எந்தெந்தக் கைகள் வழியாக அந்தப் பாலைவனத்துக்குப் போனதோ, ஓவியர் முகங்களின் நுண்கோடுகளை அதில்தான் இழுத்திருந்தார். வெளிச்சம் பட்டுப் பட்டு அந்தச் சிவப்பு வெளிறிவிட்டது. அதனால்தான் பகலில் பார்த்தால் இந்த முகங்களுக்குக் கண் இல்லை, வெறும் குழிகள். இருட்டில், இந்த ஒளியில், சாயம் மறுபடி எரிந்தது.

ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள்.

ஒருவர் இமை தாழ்த்தியிருந்தார். ஒருவர் கன்னத்தில் நீர்க்கோடு. ஒருவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருந்தார். யாரும் பார்க்காமல் வெறும் குழிகளாக இருந்த முகங்கள் ஆயிரத்தைந்நூறு வருட அழுகையோடு என் முன்னால் நின்றன. நான் கேமராவின் பொத்தானை அழுத்த மறந்துவிடுவேனோ என்று பயந்து அழுத்தினேன். நீண்ட பதிவு. மிச்சம் இருந்த ஒரே பதிவு.

அப்போதுதான் அக்காவின் குரல் வந்து வெகுநேரம் ஆகிவிட்டது உறைத்தது.

“அக்கா, இருக்கீங்களா?”

“ஓம்.” நிதானமான குரல். “இவ அழேல்லை.”

“யாருக்கா?”

“அந்தக் கரையில நிக்கிறவ.”

பட்டையின் இடது ஓரம். ஒரு பெண். மற்ற எல்லோரும் கீழே பார்த்தார்கள், படுத்திருந்தவர் இருந்த வெற்றுக் காரையை. அவள் மட்டும் தலையைத் திருப்பியிருந்தாள். அகலத் திறந்த கண்கள், நீர் இல்லை. திறப்பின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் உள்ளுக்க வந்திட்டினமோ எண்டு பாக்கிறா,” என்றார் அக்கா.

பிற்பாடு உல்ரிகே அதற்கு வேறு விளக்கம் சொன்னார். புத்தர் மறைந்தபோது மூத்த சீடர் ஒருவர் தொலைதூரத்தில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை சிதை தீப்பற்றவில்லை என்பது கதை. அவர் வருகிறாரா என்று அவள் பார்ப்பதாக இருக்கலாம் என்றார். ஆய்வேட்டில் நான் அதைத்தான் எழுதினேன். அக்காவிடம் சொன்னபோது, அதைத்தானே நானும் சொன்னனான் என்றார்.

ஆனால் அன்று, பதிவு பாதி ஓடிக்கொண்டிருந்தபோது, கதவு சத்தமில்லாமல் திறந்தது.

வெளிச்சம் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தரையில் விழுந்தது. வாசலில் தலைவரின் உயரமான நிழல். திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

மூலையிலிருந்து காலர் அசையாமல் குரல் மட்டும் வந்தது. ஜெர்மன்தான். ஆனால் மேலதிகாரியிடம் பேசும் ஜெர்மன் இல்லை, பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிடும் தொனி. உள்ளே வாங்கள், இல்லையென்றால் வெளியே நில்லுங்கள், வாசலில் நிற்கக் கூடாது, கதவைச் சாத்துங்கள் என்றார்.

தலைவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தலையைக் குனிந்து உள்ளே வந்தார். பின்னால் கதவைச் சாத்தினார்.

அந்தப் படத்தின் அடி ஓரத்தில் மெல்லிய ஒளிக்கீறல் ஒன்று இருக்கிறது. அழகுக்காக வெட்டிவிடலாம் என்று என் பேராசிரியர் சொன்னார். நான் வெட்டவில்லை. வசந்தம் வருமுன் அக்காவுக்கு நிரந்தர ஒப்பந்தம் வந்தது. அதெல்லாம் பிறகு. அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. இருட்டில் மூன்று பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். சுவரில் ஆரஞ்சுக் கண்கள் எரிந்தன. கேமரா திறந்தே இருந்தது.

“இருக்கிறீரோ?”

“இருக்கேன்க்கா.”

தலைவரையும் ஜெர்மனில் கேட்டார். இருக்கிறேன் என்று அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார்.

“சரி,” என்றார் அக்கா தமிழில், தனக்குத்தானே. “எல்லாரும் உள்ளுக்கதான்.”